டொலேடோவை நடந்து பார்க்க எந்த வாசலில் தொடங்கலாம்?

மாடப்புறா

வணக்கம். மே கடைசியில் குடும்பத்தோடு மாட்ரிட் போகிறோம். அதில் ஒரு நாள் டொலேடோவுக்கு. ஊர் முழுக்க நடந்துதான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் கணவருக்கும் அதில் சிரமமில்லை. கூட வரும் அம்மாவுக்கு எழுபது வயது. சமதளத்தில் எவ்வளவு தூரமும் நடப்பார், ஏற்றம் வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். சுத்த சைவம் வேறு.

மாட்ரிட்டிலிருந்தே பேருந்தில் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டும் ஏற்பாடுகள் நிறைய இருக்கின்றன. எல்லா விளம்பரத்திலும் ஒரே வாசகம்: ‘மூன்று பண்பாடுகளின் நகரம்’. இஸ்லாமியரும் யூதரும் கிறிஸ்தவரும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊராம். வழிகாட்டியோடு போவதா, நாங்களே நடப்பதா? எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? எதை விட்டாலும் பரவாயில்லை, எதை விடக் கூடாது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்

நீங்களே நடங்கள். ஆனால் வரிசை முக்கியம்.

டொலேடோ ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. மூன்று பக்கமும் தாஹோ ஆறு வளைத்து ஓடுகிறது. தரைவழியாக ஊருக்குள் நுழைய வடக்குப் பக்கம்தான் வழி. படை எடுத்தவர்கள், வணிகர்கள், வரி வசூலிக்க வந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தையே நம்பினார்கள். பேருந்துச் சுற்றுலாக்காரர்கள் நேராக மேலே சோகோதோவேர் சதுக்கத்தில் இறக்கிவிட்டு, பேராலயம், ஒரு ஓவியம், ஒரு வாள் கடை என்று முடித்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதே பிடிபடாது.

வடக்கே பிசாக்ரா வாசலில் தொடங்குங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியும் பிரமாண்டமான இரட்டைத் தலைக் கழுகு, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் சின்னம். 16ஆம் நூற்றாண்டில் கோவாரூபியாஸ் என்ற கட்டடக் கலைஞர் எடுத்துக் கட்டியது. அதைப் படம் எடுத்த கையோடு உள்ளே போய்விடாதீர்கள். மதிலை ஒட்டி மேற்கே கொஞ்சம் நடந்தால் பழைய வாசல் ஒன்று இருக்கிறது, குதிரைலாட வளைவோடு. இஸ்லாமியர் ஆட்சிக் காலத்து வாசல் அது. 1085 மே மாதம் நகரம் காஸ்டில் என்ற கிறிஸ்தவ நாட்டின் அரசர் ஆறாம் அல்போன்சோவின் கைக்கு வந்தது. இன்று அந்த வாசலுக்கு அவர் பெயர்தான். அங்கே கூட்டமே இருக்காது.

அங்கிருந்து ஏறினால் சாந்தியாகோ தேவாலயம். செங்கல் கட்டடம், தனியே நிற்கும் கோபுரம், பார்த்தால் பள்ளிவாசல் மினாரா என்றே தோன்றும். அதற்கு மேலே சூரிய வாசல். அதன் அருகில், அவசரத்தில் போகிறவர்கள் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. இந்த ஊரில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். கிறிஸ்தோ தெ லா லூஸ். முதலில் பள்ளிவாசல், பிறகு தேவாலயம்.

ஒரு பக்கம் சுமார் எட்டு மீட்டர்தான். நம் வீட்டுக் கூடம் ஒன்று கொஞ்சம் பெரிதானால் அவ்வளவு இருக்கும். உள்ளே நான்கு தூண்கள், அவை பிரிக்கும் ஒன்பது கட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு கவிமாடம். அண்ணாந்து பாருங்கள். ஒன்பதிலும் விலாவளைவுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும், ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. தூண்களின் தலைப்புக் கற்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. அவை இஸ்லாமியருக்கு முன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத் அரசர்கள் காலத்துக் கட்டடங்களிலிருந்து எடுத்து வைத்தவை. வெளிச்சுவரின் மேற்பகுதியில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கி அரபியில் எழுதியிருக்கிறார்கள்: இன்னார் தன் சொந்தச் செலவில் கட்டினார், கட்டியவர் மூசா இப்னு அலீ, ஹிஜ்ரி 390. நம் கணக்கில் 999-1000. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வேலை செய்த கொத்தனாரின் பெயர் தெருவைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே கட்டடத்தோடு கிறிஸ்தவர்கள் ஒரு பலிபீடப் பகுதியை ஒட்டிக் கட்டினார்கள். அதுவும் செங்கல், அதுவும் அதே மாதிரி வளைவுகள். ஒட்டுப்போட்ட இடத்தை வெளியே நின்று தேடிக் கண்டுபிடியுங்கள். பக்கத்தில் தோண்டியபோது ரோமானியர் காலச் சாலையின் கல்தளமும் கிடைத்தது. ரோமானியர், விசிகோத், இஸ்லாமியர், கிறிஸ்தவர் நால்வரையும் அங்கே ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம்.

அப்புறம் மேலே சோகோதோவேர், பேராலயம், அங்கிருந்து மேற்கே இறங்கி சாந்தோ தோமே, யூதர் பகுதி, சான் ஹுவான் தெ லோஸ் ரேயஸ் மடாலயம், கடைசியில் சான் மார்த்தீன் பாலம். ஏற்றம் முழுவதும் காலையிலேயே முடிந்துவிடும்.

வெயில்நதி

கல்தச்சன் சொன்ன வரிசை அருமையானதுதான். ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்கு அல்ல. பிசாக்ராவிலிருந்து சூரிய வாசல் வரை நல்ல ஏற்றம். மே கடைசியில் பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும், கல் தரை சூட்டைத் திருப்பி அடிக்கும். தெருக்களில் உருண்டைக் கற்கள் பதித்திருப்பதால் இறக்கம்கூட முழங்காலைப் படுத்தும். மெத்தென்ற அடிப்பாகம் உள்ள, கயிறு கட்டும் காலணி கட்டாயம். செருப்பு வேண்டவே வேண்டாம்.

மாடப்புறா, அம்மாவுக்கு இரண்டு வழி இருக்கிறது. பிசாக்ராவுக்கு மேற்கே ரெகாரெடோ சாலையில் மின்படிக்கட்டு இருக்கிறது. குன்றின் சரிவைக் குடைந்து, மேலே நகருக்குள் கொண்டுபோய் விடும். அல்லது ரயில் நிலையத்திலிருந்து வாடகைக் காரிலோ நகரப் பேருந்திலோ நேராக சோகோதோவேர் போய்விடலாம். ரயிலில் வந்தால் நிலையத்தைச் சும்மா கடந்துவிடாதீர்கள். 1919இல் திறந்த கட்டடம், இஸ்லாமியக் கைவண்ணமும் கிறிஸ்தவக் கட்டடமும் கலந்த பழைய முதேஹார் பாணியில், வண்ணக் கண்ணாடி, மரக் கூரை என்று அவ்வளவு அழகு.

கிழமையையும் பாருங்கள். திங்களன்று எல் திரான்சிதோ யூதக்கோயில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஞாயிறு காலை பேராலயத்தில் வழிபாடு, பார்வையாளர்களை மதியத்துக்குப் பிறகுதான் விடுவார்கள். செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் ஒரு நாள் போவது நல்லது.

ஏட்டுச்சுவடி

வழி பற்றி இருவரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்த ‘ஒற்றுமையாக வாழ்ந்த ஊர்’ என்ற வாசகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நம்பிக்கொண்டு போனால் கண்முன்னே இருப்பதைக்கூடப் பார்க்க மாட்டோம்.

பேராலயம் நிற்கும் இடத்தில் முதலில் நகரின் பெரிய பள்ளிவாசல் இருந்தது. 1085இல் நகரம் சரணடைந்தபோது அதைத் தொட மாட்டோம் என்று அல்போன்சோ வாக்குக் கொடுத்தார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அரசியும் பேராயரும் அதைப் பிடுங்கித் தேவாலயமாக்கினார்கள் என்பது வழிவழியாக வரும் வரலாறு. ஆத்திரத்தோடு திரும்பிய அரசரிடம், தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் அபூ வலீத் என்ற இஸ்லாமிய அறிஞர். அதற்கு நன்றியாக அவர் சிலை பேராலயத்தின் தலைமைப் பலிபீடப் பகுதியில் இருக்கிறது. இதை நல்லிணக்கக் கதையாகச் சொல்கிறார்கள். பறிகொடுத்தவர் பறித்தவருக்காக மன்றாடியதை நல்லிணக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யூதர் பகுதிக்கு வாருங்கள். 1391 கோடையில் காஸ்டில் முழுக்க யூதர்கள் மேல் தாக்குதல் நடந்தது. டொலேடோவும் தப்பவில்லை. உயிருக்குப் பயந்து பல்லாயிரம் பேர் மதம் மாறினார்கள். மாறினால் விட்டார்களா? 1449இல் இதே நகரத்தில் பேரோ சார்மியேந்தோ தலைமையில் கலகம் வெடித்தது. மதம் மாறிய யூதர்களும் அவர்கள் சந்ததியும் நகரில் எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். இரத்தத் தூய்மை என்ற பெயரில் ஸ்பெயினில் வந்த முதல் சட்டம் அது. ஞானஸ்நானம் பெற்றாலும் பிறப்பு விடாது என்று எழுத்தில் வைத்த ஊர் இது. 1492 மார்ச் 31இல் வெளியேற்ற ஆணை, மதம் மாறாத யூதர்கள் எல்லோரும் ஜூலை முடிவதற்குள் போக வேண்டும். சோகோதோவேர் சதுக்கத்தில் இப்போது மேசை போட்டுக் காப்பி கொடுக்கிறார்கள். கத்தோலிக்க மதவிசாரணை மன்றத்தின் தீர்ப்புகளைக் கூட்டம் கூட்டி வாசித்ததும் அதே சதுக்கத்தில்தான்.

வழிகாட்டியோடு போனால் இதையெல்லாம் கேளுங்கள். நல்ல வழிகாட்டி மறைக்க மாட்டார்.

திசைகாட்டி

ஏட்டுச்சுவடி, நீங்கள் சொன்னதில் ஒன்றையும் மறுக்க மாட்டேன். ஆனால் வன்முறையை மட்டும் எண்ணிக்கொண்டு நடந்தால் இன்னொரு பாதி விடுபடும். டொலேடோவில் மக்கள் ஒருவரையொருவர் நேசித்தார்களா என்பது எனக்குத் தெரியாது. ஒருவர் இல்லாமல் ஒருவருக்கு வேலை நடக்கவில்லை என்பது மட்டும் கட்டடங்களிலும் ஏடுகளிலும் அப்படியே இருக்கிறது.

நகரம் கிறிஸ்தவர் கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் வரை, இஸ்லாமியர் ஆட்சியிலேயே இங்கு வாழ்ந்து அரபி பேசிய மோசரேபியக் கிறிஸ்தவர்கள் வீடு விற்றதும் நிலம் வாங்கியதும் அரபியில் எழுதிய பத்திரங்களில்தான். அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரங்கள் இன்றும் உள்ளன. அவர்களுடைய பழைய வழிபாட்டு முறை பேராலயத்தில் தனி ஆலயம் ஒன்றில் இன்றும் நடக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களையும் சொல்ல வேண்டும். கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்து, தாலமியின் அல்மஜெஸ்ட் என்ற வானியல் நூலைத் தேடி இத்தாலியிலிருந்து இங்கே வந்தவர். லத்தீனில் அது கைக்கு எட்டாததால் அரபி கற்று, 1175இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1187இல் இறக்கும்வரை மருத்துவம், கணிதம், வானியல் என்று எழுபதுக்கு மேற்பட்ட நூல்கள். இப்னு சீனாவின் மருத்துவ நூலும் அல்குவாரிஸ்மியின் இயற்கணிதமும் அவற்றில் அடக்கம். இப்னு சீனா ஆன்மா பற்றி எழுதியதை வேறு இருவர் மொழிபெயர்த்தார்கள். அவெந்தாவுத் என்ற யூதர் அரபியைப் படித்து வார்த்தை வார்த்தையாக மக்கள் பேச்சில் சொல்ல, குந்திசால்வோ என்ற பாதிரியார் அதை லத்தீனில் எழுதினார். முன்னுரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு டொலேடோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்ததுதான். ‘மொழிபெயர்ப்பாளர் பள்ளி’ என்று பழைய கட்டடம் ஒன்றைத் தேடி அலையாதீர்கள். பேராலயத்தைச் சுற்றியிருந்த அறிஞர்களின் வேலைக்குப் பின்னாளில் வைத்த பெயர் அது.

எல் திரான்சிதோவில் இரண்டு பாதியும் ஒரே அறையில் இருக்கின்றன. வெளியே வெறும் செங்கல் சுவர். உள்ளே உயரமான ஒற்றைக் கூடம், செதுக்கிய மரக் கூரை. சுவரின் மேற்பகுதி முழுக்கச் சுதையில் கொடி, இலை, இடையிடையே காஸ்டில் அரசின் கோட்டைச் சின்னம். அதைச் சுற்றி எபிரேயத்தில் சங்கீத வரிகள், சில இடங்களில் அரபி எழுத்தும் உண்டு. 1350களில் இதைக் கட்டியவர் சாமுவேல் ஹா-லேவி, முதலாம் பேத்ரோ அரசரின் பொருளாளர். அரசரைப் புகழ்ந்தும் கல்வெட்டு வைத்திருக்கிறார். சில ஆண்டுகளில் அதே அரசரின் ஆணையால் பிடிபட்டு, சித்திரவதையில் இறந்தார். அந்தப் புகழ்ச்சி இன்னும் சுவரில் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி

திசைகாட்டி, ‘ஒருவர் இல்லாமல் ஒருவருக்கு வேலை நடக்கவில்லை’ என்பதை அப்படியே ஏற்கிறேன். விளம்பரத்தில் அதை எழுதினால் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. சாந்தா மரியா லா பிளாங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூதர்களுக்காக, இஸ்லாமியக் கட்டட முறையில், கிறிஸ்தவ அரசின் கீழ் எழுந்தது. வெள்ளை வெளேரென்று வரிசை வரிசையாகக் குதிரைலாட வளைவுகள், தூண் தலைப்புகளில் ஊசியிலை மரக் காய்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவாலயமானது. இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் உடைமைதான். பெயரிலேயே மரியாள் இருப்பது அதனால்தான்.

தூரிகை

எல்லோரும் கல்லையே பேசுகிறீர்கள். சாந்தோ தோமே தேவாலயத்தில் ஓவியர் எல் கிரேகோவின் ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ இருக்கிறதே! தயவுசெய்து அவசரப்படாமல் பாருங்கள்.

அந்த ஓவியம் பிறந்ததே ஒரு வழக்கினால். 1323இல் இறந்த ஓர்காஸ் பிரபு, தன் ஊர் மக்கள் ஆண்டுதோறும் இந்தத் தேவாலயத்துக்கு ஆடு, கோழி, மது, விறகு, பணம் தர வேண்டும் என்று எழுதிவைத்தார். 16ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பங்குத்தந்தை ஆந்த்ரேஸ் நூன்யேஸ் வழக்குப் போட்டு வென்றார். அந்த வெற்றியை எல்லோரும் நினைவில் வைக்கவேண்டும் என்று 1586இல் எல் கிரேகோவிடம் ஓவியம் கேட்டார். பிரபுவை அடக்கம் செய்யப் புனிதர்கள் ஸ்தேவானும் அகுஸ்தீனும் வானிலிருந்து இறங்கி வந்தார்கள் என்ற ஐதீகமே காட்சி.

கீழ்ப்பகுதியைக் கிட்டே பாருங்கள். ஸ்தேவான் போட்டிருக்கும் பொன்னாடையின் பூவேலையில், அவரையே கல்லால் அடித்துக் கொல்லும் காட்சி தைத்திருக்கிறது. ஓவியத்துக்குள் ஓர் ஓவியம். இடது ஓரத்தில் கையை நீட்டிக் காட்டும் சிறுவன், எல் கிரேகோவின் மகன். பையனின் சட்டைப் பையிலிருந்து எட்டிப்பார்க்கும் கைக்குட்டையில் ஓவியர் கிரேக்க எழுத்தில் கையெழுத்திட்டு 1578 என்று போட்டிருக்கிறார். மகன் பிறந்த ஆண்டு. கிரீட் தீவில் பிறந்து 1577இல் டொலேடோ வந்து, 1614இல் சாகும்வரை இங்கேயே இருந்தவர், கையெழுத்தைக் கடைசிவரை கிரேக்கத்தில்தான் போட்டார்.

பிரபுவின் கல்லறைக்கு மேலேயே, எந்தச் சுவருக்காக வரைந்தாரோ அங்கேயே ஓவியம் இருக்கிறது. இது எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காத பேறு. கதவு திறந்ததும் முதல் ஆளாக நில்லுங்கள், அல்லது மூடப்போகும் நேரத்தில் வாருங்கள். நடுப்பகலில் குழுக்கள் அடைத்துக்கொள்ளும்.

பேராலயத்தில் குருக்கள் வழிபாட்டு ஆடை அணியும் அறையில் இருக்கும் அவருடைய ‘எல் எஸ்போலியோ’வையும் விடாதீர்கள், இயேசுவின் ஆடையைக் களையும் காட்சி அது. இயேசுவின் ஆடையின் சிவப்பை அச்சில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடுப்படி

அம்மாவின் சாப்பாட்டுக்கு நான். டொலேடோவில் பிரபலமானவை எல்லாம் அசைவம்: கவுதாரிக் குழம்பு, கார்க்கமூசாஸ் என்ற பன்றியிறைச்சிக் குழம்பு. ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பிஸ்தோ மாஞ்செகோ கேளுங்கள். தக்காளி, குடைமிளகாய், சுரைக்காய் மாதிரியான சுக்கினி, வெங்காயம் எல்லாம் ஆலிவ் எண்ணெயில் நன்றாக வதங்கி வரும், ரொட்டியோடு அருமை. மேலே முட்டை வைப்பது வழக்கம், ‘சின் உவேவோ’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். கத்தரிக்காய் ஊறுகாய் கிடைக்கும், மாஞ்செகோ பாலாடைக்கட்டி எங்கும் உண்டு. சூப் மட்டும் வேண்டாம். காய்கறி சூப் என்றே எழுதியிருந்தாலும் இறைச்சி வடிநீரில் செய்திருக்கலாம், பொடியாக நறுக்கிய ஹாமோன் என்ற பன்றித் தொடைக்கறி தூவியிருக்கலாம்.

இனிப்பு என்றால் மாஸபான். பாதாமும் சர்க்கரையும் அரைத்துப் பிடித்துச் சூளையில் வாட்டியது. முட்டை சேர்க்கும் வகைகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள். சில கன்னியர் மடங்களில் சுழலும் மரப்பெட்டி வழியாக விற்பார்கள். பணத்தை வைத்தால் பெட்டி சுற்றும், இனிப்பு வரும், உள்ளே இருக்கும் சகோதரியின் முகம் தெரியாது. அம்மாவுக்குப் பிடிக்கும்.

மாடப்புறா

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் திசைகாட்டி எழுதியதைப் படித்துக் காட்டினேன். அந்த யூதக்கோயிலைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஒரே நாளில் ஓட முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஓர் இரவு அங்கேயே தங்கப்போகிறோம்.

முதல் நாள் பேராலயமும் சோகோதோவேரும். மறுநாள் காலை சாந்தோ தோமே, இரண்டு யூதக்கோயில்கள், மடாலயம். அதற்கு முன், விடியற்காலையில் நானும் கணவரும் மட்டும் பிசாக்ராவிலிருந்து ஏறிப் பழைய வாசல்களைப் பார்த்துவிட்டு வருகிறோம். கிறிஸ்தோ தெ லா லூஸுக்குப் பிறகு மூவருமாகப் போகலாம். மேலேயிருந்து இறங்கினால் அம்மாவால் முடியுமா? பேராலயத்துக்கு எவ்வளவு நேரம் வைக்கலாம்?

வெயில்நதி

மேலேயிருந்து இறங்குவது முடியும், மெதுவாக. திரும்ப ஏறாமல், கீழே பிசாக்ரா பக்கம் போய் வாடகைக் கார் பிடியுங்கள்.

பேராலயத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. 1226இல் தொடங்கி 1493இல் முடித்த கட்டடம். பலிபீடத்துக்குப் பின்னால் ‘திரான்ஸ்பரெந்தே’ என்ற பெரிய சிற்பத் தொகுதி இருக்கிறது. 1732இல் நார்சிசோ தோமே முடித்தது. அதற்கு வெளிச்சம் வேண்டும் என்று பழைய கோதிக் கூரையையே உடைத்துத் திறந்தார்கள். வெயில் நேராக உள்ளே விழும்போது பாருங்கள். பாடகர் இருக்கைகளின் கீழ்வரிசையில், ஸ்பெயினின் கடைசி இஸ்லாமிய அரசான கிரனாதாவை வென்ற போரின் கோட்டைகள் ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கும். அம்மா உட்கார்ந்து பார்க்க இடம் உண்டு.

கார்ப்பஸ் கிறிஸ்தி என்ற நற்கருணைத் திருவிழா மே கடைசியிலோ ஜூனிலோ வரும், ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். அதற்கு முன்பே ஊர்வலத் தெருக்களில் வீட்டுக்கு வீடு துணிப் பந்தல் இழுத்துக் கட்டிவிடுவார்கள். உங்களுக்கு நிழல் கிடைக்கும். திருவிழா நாளிலேயே மாட்டிக்கொண்டால் அறை கிடைப்பது கடினம், தேதியை இப்போதே சரிபாருங்கள்.

கல்தச்சன்

நல்ல முடிவு. இரவு தங்குவதால் கோபெர்த்திசோக்களையும் பார்த்துவிடலாம். தெருவுக்கு மேலே இரண்டு பக்கக் கட்டடங்களையும் இணைத்துக் கட்டிய மூடுபாதைகள். சாந்தோ தொமிங்கோ எல் ரெயால் மடத்தை ஒட்டியவை நீளமானவை. இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் நடங்கள். அந்தப் பகுதி பெரும்பாலும் சமதளம்தான், அம்மாவையும் கூட்டிப்போகலாம்.

சான் ஹுவான் மடாலயத்தின் வெளிச்சுவரில் இரும்புச் சங்கிலிகள் தொங்கும். கிரனாதா போரின்போது மீட்கப்பட்ட கிறிஸ்தவக் கைதிகளின் விலங்குகள். இசபெல்லாவும் பெர்தினாந்தும் இதைத் தங்கள் கல்லறைக்காகவே கட்டத் தொடங்கினார்கள், பிறகு கிரனாதாவிலேயே அடக்கமானார்கள். யூதர் பகுதியின் ஓரத்திலேயே இதை எழுப்பியதையும், வெளியேற்ற ஆணையில் கையெழுத்திட்டவர்கள் அதே இருவர் என்பதையும் ஏட்டுச்சுவடி சார்பில் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு யூதக்கோயில்களையும் பார்த்துவிட்டு அங்கே போங்கள், முன்னால் வேண்டாம்.

மடாலயத்திலிருந்து சான் மார்த்தீன் பாலத்துக்கு இறக்கம்தான். பாலம் 14ஆம் நூற்றாண்டினது, நடுவளைவு சுமார் 40 மீட்டர் அகலம். பாதிவரை போய்த் திரும்பிப் பார்த்தால் போதும். அங்கிருந்து ஏறி வரச் சொல்லாதீர்கள். விடுதியில் சொல்லி வாடகைக் காரை முன்பே பாலத்தடிக்கு வரவழையுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் வாயே காட்சிமேடை வழியாகச் சுற்றி நிலையத்துக்குப் போகச் சொன்னால், ஊர் முழுவதையும் ஆற்றோடு சேர்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கலாம். ரயில் மாட்ரிட்டின் அதோசா நிலையத்துக்கு அரை மணி நேரம்தான். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், போக வர இரண்டுக்கும் சீட்டு இப்போதே எடுத்துவிடுங்கள்.